கடிகார ஆணிக்கு இந்தப் பக்கம்

உங்கள் சித்தப்பா வீட்டுக்கு வந்தால் நான் ஏன் பேச்சைக் குறைத்துக்கொள்கிறேன் என்று போன வாரம் சாப்பிடும்போது இரண்டு பேரும் கேட்டீர்கள். அம்மா சிரித்தாள். நான் குழம்பில் காரம் அதிகம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனேன். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும்போல் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும், ஆனால் விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். நான் உட்காராமல் இலையில் கை வைக்க மாட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நல்லவர்மேல் வரும் பொறாமைக்கு வெளியே போக வழி இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பெயிண்டர்கள். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். நான் அக்காளைக் கட்டியவன், அவர் தங்கையைக் கட்டியவர். அதனால் எனக்குச் சகலை, உங்களுக்குச் சித்தப்பா. நான் ஈஜிபுராவில் இருந்துகொண்டு ஆட்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு அடிக்கிறேன். அவர் அத்திபெலேயில் இருந்துகொண்டு அந்தப் பக்கம் புதிதாக எழும்பும் அடுக்குமாடிகளுக்கு அடிக்கிறார். நான் ரோலர். அவர் ஸ்ப்ரே.

ரோலர் உங்களுக்குத் தெரியும். பால்கனியில் கழுவிக் காய வைத்த ரோலரைச் சின்னவன் முன்பெல்லாம் பூனைக்குட்டி என்று தடவிக்கொண்டிருப்பான். அதைப் பெயிண்டில் தோய்த்து, தட்டில் உருட்டிப் பிழிந்து, சுவரில் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். ஓட்டிய இடத்தில் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப் பொடியாகப் புள்ளி விழும். ஸ்ப்ரே வேறு. அதில் ஒரு மோட்டார் வாளியிலிருந்து பெயிண்டை உறிஞ்சி, நீளக் குழாய் வழியாகத் துப்பாக்கி மாதிரி ஒன்றுக்கு அனுப்பும். விசையை அழுத்தினால் பெயிண்ட் புகையாக விசிறிக்கொண்டு போய்ச் சுவரில் உட்காரும். காய்ந்தால் புது நோட்டுக் காகிதம் மாதிரி வழவழப்பு. நான் ஒரு சுவரை முடிப்பதற்குள் அது ஒரு ஹாலையே முடித்துவிடும். ஆனால் அடிப்பதற்கு முன்னால் கதவு, ஜன்னல், தரை, சுவிட்ச் என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போட்டு மறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் புகை எதன்மேல் வேண்டுமானாலும் உட்காரும். காலி ஃபிளாட்டில் மறைப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை. குடியிருக்கும் வீட்டில் மறைக்க வேண்டியதுதான் அதிகம். இவ்வளவு தெரிந்தால் போதும்.

உங்கள் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். பெரியவளே, நீ ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். நம் வீட்டில் உங்கள் ரூம் மட்டும் நாம் குடிவந்த நாளிலிருந்து அதே அழுக்கு வெள்ளையில் இருந்தது. ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் அடிக்கிறவனுக்குத் தன் வீட்டுக்கு அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கவில்லை. வீட்டு ஓனரிடம் கேட்டேன், தாராளமாக அடியுங்கள் என்றுவிட்டார். பரீட்சை முடிந்ததும் நீலம் அடித்துத் தருகிறேன் என்று சொன்னேன். அன்றைக்கு ஷேட் கார்டைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கட்டிலில் படுத்தபடி எந்த நீலம் என்று அடித்துக்கொண்டதை நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான் வாங்கிய எந்த வேலையிலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எரிந்தது மெஷினைப் பார்த்து இல்லை, இந்த நீலத்தால்தான்.

ஸ்ரீராம்புரத்தில் தாத்தா வீடு இருக்கும் சந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுக் குழந்தை தும்மினால் நம் வீட்டுக்குள் இருந்தே நூறு என்று சொல்லலாம். அந்த வீட்டுச் சுவர் எல்லாம் என் கை. எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து வேறு யாரும் அங்கே பிரஷ்ஷைத் தொட்டதில்லை. உங்கள் சித்தியைப் பெண் பார்க்கச் சித்தப்பா வந்தபோது அவர் சாய்ந்து உட்கார்ந்த சுவரும் நான் ஓட்டியதுதான். புதுச் சட்டையில் ஒட்டுமோ என்று, அவர்கள் வருவதற்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தவனும் நான்தான்.

மாமா கல்யாணத்துக்கும் நான்தான் அடிக்கப்போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பந்தக்கால் நடுகிறார்கள், பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்ப்பார்கள், அதற்குள் முடிய வேண்டும். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் வரைக்கும் நானே முடித்துவிட்டேன். மாமாவுக்குப் பிடித்த வெளிர் பிஸ்தா நிறத்தில் பெயிண்டும் வாங்கி வைத்தாயிற்று. மறுநாள் காலையில் நாம் நாலு பேரும் போய்ச் சேர்ந்தால், வாசலில் ஒரு லக்கேஜ் ஆட்டோ நிற்கிறது. அதிலிருந்து சித்தப்பா மெஷினை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. மச்சான் கல்யாணத்துக்கு நானும் ஒரு கை கொடுக்க வேண்டாமா என்று அவராகவே ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். இதில் என்ன தப்பு சொல்ல முடியும். நானும் வாங்க சகலை என்றுதான் சொன்னேன். ஆனால் நீங்கள் இரண்டு பேரும் என் கையை விட்டுவிட்டு அந்த ஆட்டோவைப் பார்த்து ஓடினீர்கள். ரோலர் பையோடு நான் சந்திலேயே நின்றேன்.

பிறகு அவர் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டார். தலையிலிருந்து கால்வரைக்கும் ஒரே உடுப்பு, முகத்தில் முகமூடி, கண்ணுக்குக் கண்ணாடி. சின்னவன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அப்பா, சித்தப்பா ராக்கெட்ல போற ஆள் மாதிரி இருக்காருப்பா."

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். எந்தெந்த வீட்டுக்கு என்னென்ன நிறம் அடித்தேன் என்று என் பேண்ட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தாத்தாவுக்குத்தான் சங்கடம். ஒரு வீடு, இரண்டு மாப்பிள்ளைகள். ஒருவரை அடிக்கச் சொன்னால் இன்னொருவருக்கு மரியாதைக் குறைவு. அவர் கார்ப்பரேஷனில் ஆட்களுக்குத் தெருத் தெருவாக வேலை பிரித்துக் கொடுத்தே பழகியவர். இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் உனக்கு, அதற்கு அப்பால் அவனுக்கு, முடிந்தது. அதே மாதிரி வீட்டையும் பிரித்தார். சமையலறை எனக்கு, உள் ரூம் அவருக்கு. ஹாலில் வாசல் பக்கம் எனக்கு, பின்பக்கம் அவருக்கு. மிச்சம் இருந்தது ஹாலின் நீளச் சுவர். பெரிய சுவர் அது ஒன்றுதான். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். தாத்தா அதையும் விடவில்லை. சுவரின் நடுவில் கடிகாரம் மாட்டியிருந்த ஆணியைத் தொட்டுக் காட்டினார்.

"ஆணிக்கு இந்தப் பக்கம் பெரிய மாப்ள. அந்தப் பக்கம் சின்ன மாப்ள. யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்."

"இன்னாப்பா, சுவத்துக்குப் பாகப்பிரிவினை பண்ற" என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள். வேலை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒரே சுவரை இரண்டு விதமாக அடித்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அவர் என் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. நான் வேறு காரணத்துக்காகத் திறக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது யார் வேலை என்று என் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நினைத்தேன். என் கை நன்றாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் மறைத்து முடிக்கும்வரை நான் முன்னால் இருந்தேன். அந்த நேரம் எனக்கு ரொம்ப நன்றாக இருந்தது. அவர் டேப்பைக் கிழித்துக் கிழித்து ஒட்டிக்கொண்டிருக்கிறார், நான் என் பாதியில் ஓரத்தைப் பிரஷ்ஷில் பிடித்துவிட்டு ரோலரை ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அப்புறம் அந்த மோட்டார் கிளம்பியது. உஸ்ஸென்று ஒரு சத்தம், அவர் கை சுவருக்கு நேராக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது, பிஸ்தா பச்சை அப்படியே ஒரு பட்டையாக வந்து படிந்தது. நீங்கள் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு மூக்கைப் பொத்தியபடி அவரையே பார்த்தீர்கள். நான் எத்தனை தடவை திரும்பினாலும் உங்கள் கண் அங்கேதான் இருந்தது.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. எதிர்வீட்டு அக்கா அன்றைக்குக் கொடியில் வெள்ளை வேட்டி காயப் போட்டிருந்தார். அந்த வீட்டுப் பையனுடைய கறுப்பு ஸ்கூட்டர் கீழே நின்றது. சந்தில் காற்றும் இருந்தது. ஒரு துளி, ஒரே ஒரு பச்சைத் துளி அந்த ஸ்கூட்டர் சீட்டில் விழுந்தால் போதும் என்று நான் ஏணிமேல் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழவில்லை. அவ்வளவு நன்றாக மறைத்திருந்தார். அந்த ஆத்திரத்தில் என் பாதியில் ஒரு இடத்தை இரண்டு தடவை ஓட்டிவிட்டேன்.

அவர் முடித்துவிட்டு உடுப்பைக் கழற்றியபோது நான் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தேன். ஆணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான், பெரியவளே, நீ ஏணிக்குக் கீழே வந்து நின்றாய். மெதுவாகத்தான் கேட்டாய். யாருக்கும் கேட்கக் கூடாது என்று நீ நினைத்தது எனக்குத் தெரிந்தது.

"அப்பா, நம்ம ரூமுக்கு மட்டும் சித்தப்பாவை மெஷின்ல அடிக்கச் சொல்லலாமா?"

நான் பார்க்கலாம் என்றேன். ஓட்டிக்கொண்டே இருந்தேன். ரோலரிலிருந்து பெயிண்ட் தெறித்துவிட்ட மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். நீ கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. புதுப் பேனா வேண்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாய். ஆனால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் என் வேலை வேண்டாம், அடுத்த ஆளைக் கூப்பிடு என்று சொல்லட்டும். எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். இது அப்படி இல்லை.

மதியம் சாப்பிட்டு முடித்தபோது சுவர் காய்ந்திருந்தது. வாசல் வெளிச்சம் சாய்வாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தது. முதலில் பார்த்தது மாமாதான். அக்காள் புருஷன் என்பதால் என்னை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"மாமா, ரெண்டும் ஒரே வாளிதானே?"

ஒரே வாளிதான். ஆனால் ஆணிக்கு அந்தப் பக்கம் பளிச்சென்று இருந்தது, இந்தப் பக்கம் ஒரு படி மங்கலாக இருந்தது. நான் சொன்னேனே, ரோலர் ஓட்டினால் பொடிப் புள்ளி விழும் என்று. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் உண்டு. வழவழச் சுவரில் நிழல் விழ இடம் இல்லை. தனித்தனிச் சுவராக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரே சுவரில், நடுவில் ஆணி, இரண்டு பக்கமும் இரண்டு நிறம். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் பெஞ்சில் கோடு கிழித்து வைத்த மாதிரி இருந்தது.

நான் தண்ணீர் அதிகம் கலந்துவிட்டேன் என்று உங்கள் சித்தி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது என்னவென்றால், சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் நேராக அந்தப் பாதிக்குப் போய்ச் சுவரைத் தடவினார்கள். எதிர்வீட்டு அக்கா கன்னத்தை வைக்காத குறைதான்.

"கண்ணாடி மாதிரி கீது. இந்தப் பக்கம் இன்னும் முடியலியா?"

முடிந்துதான் இருந்தது.

பெண் வீட்டார் வருவதற்குள் சுவர் ஒரே மாதிரி ஆக வேண்டும். நான் உடனே, முழுச் சுவருக்கும் இன்னொரு கோட் ரோலரில் ஓட்டிவிடுகிறேன் என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டேன். வழவழச் சுவர்மேல் ரோலரை வைத்துப் புள்ளி போட வேண்டும் என்று என் கை துடித்தது. தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன மாப்பிள்ளை அடித்ததன்மேல் பெரிய மாப்பிள்ளை அடித்தால் அது எப்படி இருக்கும் என்றார். அப்படியென்றால் முழுவதும் மெஷினில் அடிக்கலாமே என்றார் மாமா. அதற்கும் தாத்தா தலையாட்டவில்லை, மூத்த மாப்பிள்ளை வேலையை அழிப்பதா என்றார். நியாயம் பார்த்தே வீட்டை நாசம் செய்துவிடுவார் போலிருந்தது.

அப்போது சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். முகமூடி போட்ட தழும்பு மூக்கின்மேல் சிவப்பாக இருந்தது.

"அண்ணா, நான் முழுசுக்கும் ஒரு கோட் அடிச்சுக்கினே போறேன். நீங்க ஈரம் காயறதுக்குள்ள பின்னாடியே ரோலர் ஓட்டிக்கினு வாங்க. சைட்ல நாங்க அப்படித்தான் பண்றது. சுவத்துல நல்லாவும் புடிக்கும், ஒரே மாதிரியும் ஆயிடும்."

வேலையாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஸ்ப்ரே பெயிண்டைச் சுவரின்மேல் வைக்கும், ரோலர் அதைச் சுவருக்குள் அழுத்தும். ஆனால் என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். பின்னாடியே. அவர் சைட்டில் மெஷின் பிடிக்கிறவர் மேஸ்திரி. பின்னால் ரோலர் ஓட்டுகிறவர் கூலிக்கு வந்த ஆள். என் மாமனார் வீட்டில், நான் மூத்த மாப்பிள்ளையாக இருந்துகொண்டு, என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்னால் நடக்க நான் பின்னால் உருட்டிக்கொண்டு போக வேண்டும். நான் ரோலரைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். ஏற்கெனவே கழுவிய ரோலர் அது.

குழாயடியில் உங்கள் அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"வயித்தெரிச்சலைக் கல்யாணத்துக்கு அப்பால வெச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை பந்தக்கால். போங்க."

அவளிடம் நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

போனேன். உப்புத்தாளால் இரண்டு பாதியையும் லேசாகத் தேய்த்தேன். ஆணியைத் தாத்தா பிடுங்கிவிட்டார், அந்த ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்தேன். மோட்டார் கிளம்பியது. அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். பெயிண்ட் அவ்வளவு சீக்கிரம் வந்து விழுந்ததால் நானும் அந்த வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது. தோள் வலித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பெயிண்டில் தோய்க்க வேண்டிய வேலையே இல்லை. சுவரிலேயே பெயிண்ட் இருந்தது, ரோலர் வெண்ணெய்மேல் போகிற மாதிரி போனது. அவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, எனக்காக வேகத்தைக் குறைத்தார். குறைக்காமல் இருந்திருக்கலாம்.

காய்ந்தபோது சுவர் ஒரே சுவராக இருந்தது. ஆணி இருந்த இடம்கூடத் தெரியவில்லை. நான் கிட்டப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். கோடியிலிருந்து கோடிவரைக்கும் பொடிப் பொடியாகப் புள்ளி. அவர் அடித்த பெயிண்ட்தான், ஆனால் மேலே இருந்தது என் ரோலர் தடம். எனக்குள் ஒரு அல்ப சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை.

அதுவும் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நின்றது. பந்தக்கால் நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து முடித்து, பெண் வீட்டார் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். பெண்ணின் பெரியப்பா சுவரைப் பார்த்துவிட்டு யார் வேலை என்று கேட்டார். மெஷினில் அடித்தது, எங்கள் சின்ன மாப்பிள்ளையின் மெஷின் என்று யாரோ சொன்னார்கள். சித்தப்பா உடனே எழுந்து, "மேல ஓடினது அண்ணன் ரோலருங்க, அதான் இந்த ஃபினிஷ்" என்றார். அதற்குள் கேசரி வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. கேட்டது நான் ஒருவன்தான். எனக்காக அவர் பேசியதை நான் மட்டும் கேட்டேன். அவர் சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

கல்யாணம் முடிந்தது, உங்கள் பரீட்சையும் முடிந்தது. நீல ரூமைப் பற்றி நீங்கள் பேசவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பெயிண்ட் வாங்கக் கிளம்பலாம் என்று சட்டை மாட்டும்போது கீழே ஆட்டோ சத்தம். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால் சித்தப்பா, மெஷின், ஒரு வாளி நீலப் பெயிண்ட். கல்யாண மண்டபத்திலேயே, பெரியவளே, நீ அவரிடம் கேட்டுவிட்டாய் என்றும், அவர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றும் அப்போதுதான் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார். எந்த நீலம் என்றுகூட நீ அவரிடம் சொல்லியிருந்தாய்.

மெஷினை மாடிக்குத் தூக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். படிக்கட்டு முழுக்க அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ரூம் வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் பேச்சை நிறுத்தினார். கட்டில், பீரோ, மேஜை, புத்தகம், பள்ளிக்கூடப் பை, பீரோமேல் மடித்து வைத்த மெத்தை, மின்விசிறி. நடுவில் கால் வைக்க ஒரு பாய் அளவு தரை. குனிந்து உன் தலையில் கை வைத்தார்.

"பாப்பா, இந்த ரூமுக்கு மெஷின் வேணாம்டா. இத்தனையும் மறைக்கிறதுக்குள்ள உங்க அப்பா அடிச்சு முடிச்சிட்டுக் கையையே கழுவிடுவாரு."

"பரவால்ல சித்தப்பா" என்றாய்.

சித்தப்பா சொன்ன அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்க நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் தெரியுமா. இது ரோலர் வேலை, அண்ணன் வேலை என்று, என் வீட்டிலேயே, உங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழவில்லை, கோபப்படவில்லை. பெரியவர்கள் மாதிரி சிரித்தாய். நான் ஒரு வேலை கைவிட்டுப் போகும்போது ஓனரிடம் சிரிப்பேனே, அதே சிரிப்பு. அதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று நினைத்தபோது எனக்கு ஜெயித்த ருசி போய்விட்டது. சுவர் என் கையால் நீலம் ஆகும், நீ அந்தச் சிரிப்போடு அதைப் பார்த்துக்கொண்டு படுப்பாய்.

"மறைக்கிறதை நான் பார்த்துக்கறேன் சகலை. நீங்க மெஷினை ரெடி பண்ணுங்க" என்றேன்.

சமையலறையிலிருந்து உங்கள் அம்மா எட்டிப் பார்த்தாள். பழைய புடவைகளை எடுத்துவந்து கட்டிலில் போட்டாள்.

அன்றைக்கு நாம் மறைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பீரோவுக்குப் புடவை சுற்றினோம். மேஜைக்குப் பிளாஸ்டிக் தாள். சுவிட்சுக்கு டேப். விசிறி இறக்கைக்குச் சித்தப்பா ஒவ்வொன்றாகச் செய்தித்தாள் உறை போட்டார். சின்னவன் தன் காலையே சுற்றிக்கொண்டு விழுந்தான். சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நான் அத்தனை வீடு அடித்திருக்கிறேன், அவ்வளவு பொறுமையாக எங்கேயும் மறைத்ததில்லை. ஒரு துளி நீலம் உன் புத்தகத்தில் விழுந்திருந்தால் அது அவர் தப்பாக ஆகாது, என் தப்பாக ஆகும்.

அப்புறம் அந்த உஸ். சாதத்துக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நாலு சுவரும் நீலமாக நின்றது. ஜன்னலைத் திறந்துவிட்டு, புகை அடங்கியதும், தாத்தா வீட்டில் செய்த மாதிரி பின்னால் ஓட்ட அவர் கூப்பிட்டார், நான் ரோலரோடு உள்ளே போனேன். சின்னவன் பின்னாலேயே வந்து, ஒரே ஒரு தடவை துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்கிறேன் என்று கெஞ்சினான். பிள்ளைகள் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். அன்றைக்குச் சொன்னார்.

"இது மட்டும் வேணாம்டா கண்ணா. கிட்ட வெச்சா விரலையே துளைச்சிடும். பாக்கறதோட சரி."

சின்னவன் முகம் தொங்கிவிட்டது. நான் என் பையிலிருந்து மூலைக்கு ஓட்டும் குட்டி ரோலரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நீ கேட்கவில்லை. நானே, கோல் போட்ட பெரிய ரோலரை உன் பக்கம் நீட்டினேன். ஈரம் காய்வதற்குள் ஓட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அழுத்திப் பிடித்தாய், கோடு விழுந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில், உன் அப்போதைய உயரத்துக்கு, இன்னும் அந்தக் கோடு இருக்கிறது பார். நான் அதைத் திருத்தவில்லை. சின்னவன் சுவரைவிடத் தன் முட்டியில் அதிகம் ஓட்டினான். உங்கள் இரண்டு பேர் தலையிலும் நீலம்.

சித்தப்பாவுக்கு வேலை முடிந்துவிட்டது. வெள்ளை உடுப்போடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா, மெஷின் சட்டுனு முடிஞ்சிடுது" என்றாய், ஓட்டிக்கொண்டே. "இதுதான் ரொம்ப நேரம் வருது."

நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மேல் ஓரத்தைப் பிடிக்கப் போனேன்.

சித்தப்பா முகமூடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"அண்ணா, இன்னொரு ரோலர் இருக்குதா?"

இருந்தது. பையில் மேலாகவே இருந்தது. தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் எடுத்துக் கொடுத்தேன்.